இடப்பக்கம் சாய்ந்த கப்பல்

நத்தை என்ற பேரை அவளுக்கு யாரும் பட்டப்பேராக வைக்கவில்லை. அவளே வைத்துக்கொண்டதுதான். இணையத்தில் அந்தக் குழுவில் சேர்ந்தபோது பேர் என்ன என்று கேட்டது, அவள் எழுதியிருந்த புரோகிராமை நினைத்துக்கொண்டாள், நத்தை என்று தட்டிவிட்டாள். மெதுவாகப் போகும், ஆனால் போகிற வழியில் ஒரு கட்டத்தைக்கூட விடாது. அவளும் அப்படித்தான் என்று தங்கச்சி சொல்வாள்.

முதலில் அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. பயப்படாதீர்கள், கணக்கு வாத்தியார் வேலையெல்லாம் எனக்கும் வராது. கட்டம் போட்ட ஒரு தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும், இல்லையென்றால் செத்திருக்கும். செத்த கட்டத்தைச் சுற்றி உள்ள எட்டில் சரியாக மூன்று உயிரோடு இருந்தால் அது ஆட்டத்தின் அடுத்த அடியில் எழுந்து உட்கார்ந்துவிடும். உயிரோடு இருக்கிற கட்டத்துக்கு இரண்டோ மூன்றோ துணை வேண்டும். குறைந்தால் தனிமையில் சாகும், கூடினால் நெரிசலில் சாகும். சட்டம் இவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தில் கண்டபடி எதையாவது வரைந்துவிட்டால் கொஞ்ச நேரம் கொதித்துவிட்டு அடங்கிப்போகும். ஆனால் அபூர்வமாகச் சில உருவங்கள் கலைந்து, உருமாறி, சில அடிகள் கழித்து அச்சு அசல் அதே உருவமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். மறுபடி கலையும், மறுபடி தள்ளி நிற்கும். இப்படி ஊர்ந்துகொண்டே போவதற்குக் கப்பல் என்று பேர். கையால் வரைந்து இதைக் கண்டுபிடிக்க ஜென்மம் போதாது. அதற்காகத்தான் தேடுகிற புரோகிராம்கள். இந்த வேகத்தில், இந்த அகலத்துக்குள் ஒரு கப்பல் இருக்கிறதா என்று கேட்டால், வரிசை வரிசையாக நிரப்பிப் பார்த்துச் சொல்லும். இதையே பிழைப்பாக, தப்பு, பிழைப்பு எங்கே, இதையே கிறுக்காக வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். அந்த பஸ்ஸில் நத்தைக்கு ஜன்னல் சீட் உண்டு. அவள் எழுதிய புரோகிராமைத்தான் ரொம்ப காலமாக எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிழைப்பு வேறு. ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வட்டமாக வரும் லென்ஸில் அச்சைக் குறித்து, மெஷினில் பொருத்தி, ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்துக் கொடுக்க வேண்டும். முன்பக்கத்தில் வாடிக்கையாளர்கள் கண்ணாடி முன்னால் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னறையில் தண்ணீர் பீய்ச்சும் சத்தமும் மெஷினின் கிறீச்சும்தான். கடை முதலாளியம்மா கதவைத் திறந்து, "இது அவசரம்மா, சாயங்காலம் வாங்க வராங்க" என்று தட்டை வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாளைக்கு அவள் காதில் விழுகிற மனிதப் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது. அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. தங்கச்சி மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள்.

"என்னக்கா, உன் கப்பல் கரைக்கு வந்துச்சா?"

"வரும் வரும். நீ சாப்டியா?"

"இங்க பெரிய கப்பலும் ரெண்டு சின்னக் கப்பலும் சாப்பாட்டு மேஜைய விட்டு நகர மாட்டேங்குது. சரி, அப்புறம் கூப்பிடறேன்."

அப்புறம் என்றால் அடுத்த ஞாயிறு.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வரும். அன்றைக்குத்தான் மீன்கொத்தியின் மெயில் வரும். மீன்கொத்தி என்பவர் யார், எப்படி இருப்பார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அந்தக் குழுவில் இருக்கிற ஒருவர், ஓய்வு பெற்ற சர்வேயர், முட்டி வலிக்காரர், அவ்வளவுதான் தெரியும். மெயிலில் முதலில் புரோகிராமைப் பற்றி ஒரு சந்தேகம் இருக்கும். பிறகு அவர் கண்டுபிடித்த கப்பல் ஏதாவது இருந்தால் அதன் படம். கடைசியில் இரண்டு மூன்று வரி சொந்த சமாச்சாரம்.

"நத்தை மேடம், சமச்சீர் ஆப்ஷனைப் போட்டா அகலம் பாதியா எடுத்துக்குமா, முழுசா எடுத்துக்குமா? போன வாரம் ராத்திரி ஒண்ணு ஓட விட்டேன், காலைல பாத்தா கப்பல் நிக்குது. படம் வெச்சிருக்கேன். முட்டி பரவால்ல. எதிர் பில்டிங்குக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கறாங்க. கண்ணைக் குத்துது. நீங்க சொல்ற கண்ணாடி போட்டாலும் குத்தும்."

இந்த நாலு வரியை அவள் எத்தனை தடவை படிப்பாள் என்று நான் சொல்லப்போவதில்லை, பாவம். பதிலை சனிக்கிழமை காலையில் ஆற அமர எழுதுவாள். ஆப்ஷனைப் பற்றி ஒரு பக்கம், மஞ்சள் பெயிண்டைப் பற்றி இரண்டு வரி. இரண்டு வரியைத்தான் ரொம்ப நேரம் திருத்துவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மின்னல் வந்தது. மின்னல் என்பது ஒரு பல் டாக்டர். பல் பிடுங்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில் அந்த அம்மாள் ஒரு புதுப் புரோகிராமை எழுதிக் குழுவில் போட்டாள். நத்தையின் புரோகிராம் ஒரே வழியில் ஆழமாகப் போகும். முட்டுச்சந்து வந்தால் ஒரு வரிசை பின்வாங்கி வேறு வழி பார்க்கும். அது ஒற்றை ஆளாகத் தெருத்தெருவாகத் தேடுவது போல. மின்னலின் புரோகிராம் எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு வரிசையாக முன்னேறும். கம்ப்யூட்டரின் மெமரி நிரம்பிவிட்டால் ஒவ்வொரு வழியிலும் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்து, உருப்படாததை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தோடு போகும். படித்துப் பார்த்தபோதே நத்தைக்குத் தெரிந்துவிட்டது. இது நல்ல வேலை. தனக்கு ஏன் தோன்றவில்லை என்று பொறாமைப்படக்கூட முடியாத அளவுக்கு நல்ல வேலை.

குழுவில் பேச்சு கிளம்பியது. பழசு நல்லதா, புதுசு நல்லதா, யாராவது இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டி, ஒப்பிட்டு, அட்டவணை போட்டுக் கொடுத்தால் தேவலை. யார் செய்வது? நத்தைதான் செய்ய வேண்டும், அவரைவிட நேர்மையான ஆள் யார் என்று மின்னலே எழுதினாள். வஞ்சகம் இல்லாமல்தான் எழுதினாள். அதுதான் கஷ்டம்.

அந்த வெள்ளிக்கிழமை மெயிலில் மீன்கொத்தி இப்படி எழுதியிருந்தார்: "எல்லாரும் புதுசுக்கு ஓடறாங்க. நான் உங்க டேபிள் வர்ற வரைக்கும் அசைய மாட்டேன். அது என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு."

நத்தை கணக்குப் போட்டுப் பார்த்தாள். பழைய புரோகிராமைப் பற்றிச் சந்தேகம் கேட்கத்தான் மனுஷன் வாராவாரம் எழுதுகிறார். புதுசுக்குப் போய்விட்டால் சந்தேகத்தைப் பல் டாக்டரிடம் கேட்பார். மஞ்சள் பெயிண்டும் முட்டி வலியும் அங்கே போய்விடும். நேர்மையாக ஒரு அட்டவணை போட்டால் தன் வெள்ளிக்கிழமைகளைத் தானே வெட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். வீட்டில் சுவர்களும் தானும்தான் பாக்கி. இதை அவள் சுற்றி வளைக்காமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

தங்கச்சியிடம் மட்டும் கொஞ்சம் வாயை விட்டாள்.

"நீதானே ஜட்ஜு?" என்றாள் தங்கச்சி. "உனக்கு வேண்டியதைப் போட்டுக்கோ. யாரு வந்து கட்டத்தை எண்ணப் போறா?"

"அதெப்படிடி, தப்பில்லையா?"

"அக்கா, நீ எந்தக் காலத்துல உனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கிட்ட? எடுத்துக்கோயேன்."

பொய் எழுத அவளுக்குக் கை வராது. ஆனால் பொய் எழுதாமலே ஏமாற்ற இந்தத் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. எந்தக் கேள்விகளை வைத்துச் சோதிப்பது என்பது சோதிக்கிறவர் கையில். ஆழமாகப் போகிற புரோகிராமுக்கு, விடை அது முதலில் நுழைகிற தெருவிலேயே இருந்துவிட்டால் அதிர்ஷ்டம், கண்ணை மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிடும். கடைசித் தெருவில் இருந்தால் மாசக்கணக்கில் அலையும். ஆகவே விடை முதல் தெருவில் இருக்கிற கேள்விகளாகப் பொறுக்கினால் போதும். அட்டவணையில் ஒரு எண்ணும் பொய்யாக இருக்காது. அட்டவணை மட்டும் பொய்யாக இருக்கும்.

அப்படிப்பட்ட கேள்விகளுக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருந்தது. மீன்கொத்தி கண்டுபிடித்த கப்பல்கள். ராத்திரி போட்டேன், காலையில் வந்துவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறாரே. அப்படியென்றால் விடை முதல் தெருவில்தானே இருக்க வேண்டும்? அவருடைய சமீபத்துக் கப்பல்களில் ஒன்றை எடுத்தாள். அதே வேகம், அதே அகலம். விடுமுறை நாள் காலையில் தன் புரோகிராமை ஓட விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனாள். அவரைத் தக்கவைத்துக்கொள்ள அவருடைய கப்பலையே எடுத்துக்கொண்டோமே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அன்றைக்குக் கப்பல் வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தாள், வரவில்லை. அதற்கடுத்த நாளும் கிடையாது. ஆப்ஷனை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், ஒரு தப்பும் இல்லை. கம்ப்யூட்டர் பழசாகிவிட்டதோ? அவருடைய கம்ப்யூட்டர் அப்படி என்ன பெரிய கொம்பு? சரி, அது ஓடட்டும் என்று ஒதுக்கிவிட்டு, ஒப்பிடத்தான் போகிறோமே என்று இன்னொரு கம்ப்யூட்டரில் அதே கேள்வியைப் புதுப் புரோகிராமிடம் கொடுத்தாள். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். டீ ஆறுவதற்குள் கப்பல் வந்து நின்றது.

அட! என்று இருந்தது. தோற்றதில்கூட ஒரு அழகைப் பார்க்கிற பிறவி அவள். படத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தாள். பிறகு மீன்கொத்தியின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கட்டத்துக்குக் கட்டம் அதேதான். அதே தலை, அதே வால், உருமாற்றத்தின் அதே அடியில் பிடித்த படம்.

வாரக் கடைசியில் அவளுடைய புரோகிராமும் ஒருவழியாகக் கரை சேர்ந்தது. அதன் கப்பலையும் பக்கத்தில் வைத்தாள். அதே கப்பல்தான், ஆனால் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருந்தது. தலைப்பக்கம் வலது ஓரம் சாய்ந்திருந்தது. மற்ற இரண்டும் இடது ஓரம்.

கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள்.

இது ஏன் அவளுக்கு இடி என்று சொல்ல வேண்டும். அவளுடைய புரோகிராம் ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக நிரப்பும். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் செத்ததாக வைத்துப் பார்க்கும், அது ஒத்துவராவிட்டால்தான் உயிர் கொடுக்கும். அதனால் ஒரு கப்பலும் அதன் கண்ணாடிப் பிம்பமும் இரண்டு வழியில் இருந்தால், இடப்பக்கம் காலியாக, வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறதுதான் முதலில் அகப்படும். அகப்பட்டதும் நின்றுவிடும். இடப்பக்கம் சாய்ந்த கப்பலை அவளுடைய புரோகிராம் முதலில் கொண்டுவந்து கொடுக்கவே முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது. எழுதினவள் அவள், அவளுக்குத் தெரியாதா?

அப்படியானால் மீன்கொத்தியின் கப்பல் அவளுடைய புரோகிராமில் பிறந்தது இல்லை.

லென்ஸில் அச்சு ஒரு டிகிரி சாய்ந்தாலும் கண்டுபிடிக்கிறவள், இத்தனை நாள் இதைப் பார்க்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கப்பல் ஓடுகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

அவர் அனுப்பிய படங்களை எல்லாம் பின்னோக்கித் திறந்தாள். இடது, இடது, இடது. போன வருஷம் முழுக்க இடது. அதற்கு முந்தின வருஷத்தின் பாதி வரைக்கும் இடது. அதற்கும் முன்னால் அனுப்பிய நாலைந்து மட்டும் வலது. மின்னல் புரோகிராமை வெளியே விடுவதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே சிலருக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தாள் என்பது ஞாபகம் வந்தது. அவர்களுக்கு அவள் நன்றி சொல்லிப் போட்ட பட்டியலில் மீன்கொத்தியின் பேரும் இருந்தது. டேபிள் வரும் வரைக்கும் அசைய மாட்டேன் என்று சொன்ன மனுஷன், எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டிருக்கிறார்!

கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம். சமச்சீர் ஆப்ஷன் பாதியா முழுசா என்று இவள் ஒரு பக்கம் எழுதினாளே, அதை வைத்து என்ன செய்தார்? படித்துச் சிரித்தாரா? அதே கேள்வியை முன்னேயும் ஒரு தடவை கேட்டிருந்தார். அவளும் முன்னே எழுதியது போலவே பொறுமையாக எழுதினாள். ஆளை எடுபிடி என்று நினைத்தாரா, பைத்தியக்காரி என்று நினைத்தாரா? பழைய மெயில்களை வரிசையாகத் திறந்து, கேட்ட கேள்விகளைப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் பதில் புரோகிராமோடு வருகிற உதவிப் பக்கத்திலேயே இருந்தது. சின்னக் குழந்தைகூட அதைப் படித்துத் தெரிந்துகொள்ளும்.

அப்போதுதான் தேதிகள் கண்ணில் பட்டன. வலப்பக்கம் சாய்ந்த கப்பல்கள் வந்த காலத்தில் மெயில் எப்போதாவதுதான் வந்திருந்தது. கேள்வி கேட்பார், பதில் வாங்கிக்கொள்வார், நன்றி சொல்வார், முடிந்தது. வெள்ளிதோறும் எழுத ஆரம்பித்தது, இடப்பக்கம் சாய ஆரம்பித்த பிறகு. புரோகிராமை விட்டுவிட்ட பிறகுதான் புரோகிராமைப் பற்றி வாராவாரம் கேட்கவே ஆரம்பித்திருக்கிறார்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை மெயிலுக்கு முன்னால் அவள் அவருக்கு எழுதியிருந்ததைத் திறந்து படித்தாள். "தாமதத்துக்கு மன்னிக்கணும் சார். அம்மா தவறிட்டாங்க. வீட்டுல இப்ப நான் மட்டும்தான், அதனால இனிமே பதில் சீக்கிரம் வரும்." சீக்கிரம் வரும் என்று ஒரு உறுதிக்காகத்தான் அதை எழுதியிருந்தாள். எழுதியதே மறந்துபோயிருந்தது.

பாவம் பார்த்து எழுதினாரா? முகம் சுட்டது. அப்படி நினைத்துக் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியிலேயே குறுகி உட்கார்ந்திருந்தாள். ஆனால் இத்தனை வாரம் விடாமல் யாராவது பாவம் பார்ப்பார்களா? பாவம் பார்க்கிறவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள், மிஞ்சினால் இரண்டு தடவை பார்ப்பார்கள். எதிர் பில்டிங் பெயிண்ட் அடிப்பதை அத்தனை நேரம் ஜன்னலில் நின்று பார்த்தது யார்? அந்த வீட்டிலும் பேச ஆள் இல்லை. இருந்திருந்தால் மஞ்சள் கண்ணைக் குத்துகிறது என்று அந்த ஆளிடம் சொல்லியிருப்பார். முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளைக்கு, சந்தேகம் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டார். சாக்கு இல்லாமல் எழுத அவருக்கும் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அழுதாள். அம்மா போனபோது வராத அழுகை அது.

அட்டவணையை மறுநாளிலிருந்து சுத்தமாகப் புதிதாகத் தொடங்கினாள். அகலம் குறைந்த கேள்வி, கூடிய கேள்வி, விடை இருக்கிற கேள்வி, விடையே இல்லாத கேள்வி என்று எல்லாவற்றையும், தனக்குச் சாதகமா பாதகமா என்று பாராமல் எடுத்தாள். கடை வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாக ஓட்டி, நேரத்தைக் குறித்தாள். நடுவில் வந்த வெள்ளிக்கிழமை மெயில்களுக்கு எப்போதும் போலவே பதில் எழுதினாள். மெமரி ரொம்பக் குறைந்த கம்ப்யூட்டரில் மட்டும் பழசு கொஞ்சம் தாக்குப்பிடித்தது. மற்ற எல்லாவற்றிலும் புதுசுதான், அதுவும் ஒப்பிடவே வெட்கப்படுகிற அளவுக்கு. கடைசியில் ஒரே வரி எழுதினாள்: "இனிமேல் தேட ஆரம்பிக்கிறவர்கள் மின்னலின் புரோகிராமையே எடுத்துக்கொள்ளலாம்."

குழுவில் போட்டாள். நத்தைக்கு நன்றி என்று மூன்று பேர் எழுதினார்கள். மின்னல் நாலு வரி மனசு விட்டு எழுதினாள். அதற்குப் பிறகு பேச்சு முழுக்கப் புதுசைப் பற்றித்தான். அடுத்த பதிப்பு எப்போது, இந்த வேகத்துக்கு ஓடுமா, அந்த வேகத்துக்கு ஓடுமா என்று. இரண்டு நாளில் அவள் பேர் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது. அவளிடம் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை. நினைத்ததுதான், ஆனால் நினைத்ததைவிட சீக்கிரம் நடந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மீன்கொத்தியிடமிருந்து மெயில் வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் பார்த்தாள். அவருக்குத்தான் இனி என்ன சாக்கு இருக்கிறது? பழசு செத்துப்போனது என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளே. செத்த புரோகிராமில் சந்தேகம் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே அந்த மனுஷன் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை அவளே எழுத உட்கார்ந்தாள். "நீங்க கேள்வி எதுவும் இல்லாமலே எழுதலாம் சார். எனக்கு எல்லாம் தெரியும்" என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். இதை அனுப்பினால் வெட்கத்தில் மனுஷன் அடியோடு நிறுத்திவிடுவார். அவளே அப்படிப்பட்டவள்தான், அதனால் தெரியும். அழித்தாள். திரும்பவும் எழுதினாள், திரும்பவும் அழித்தாள். பிறகு மூச்சை இழுத்துவிட்டு, ஒரே அடியில் தட்டினாள்:

"மீன்கொத்தி சார், ஒரு சந்தேகம். புதுப் புரோகிராம்ல அகலத்தை எங்க குடுக்கறதுன்னே புரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. அந்த மஞ்சள் பில்டிங் முடிச்சுட்டாங்களா?"

அகலத்தை எங்கே கொடுப்பது என்பது பல் டாக்டர் எழுதிய உதவிப் பக்கத்தின் முதல் வரியில் இருந்தது. அந்த அகலத்தைப் போட்டுத்தான் அவள் வாரக்கணக்கில் அத்தனை சோதனையும் ஓட்டி முடித்திருந்தாள். அட்டவணையைப் படித்த எவருக்கும் அது தெரியும். அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டு, ஏதோ திருடியவள் போல எழுந்து ஜன்னலை அடைக்கப் போனாள்.

ஜன்னல் கொக்கியை மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"நல்ல கேள்வி நத்தை மேடம். நானும் இப்பத்தான் அதைத் தொட்டே பாக்கறேன், எனக்கும் ஒண்ணும் பிடிபடல. பொறுமையா படிச்சுப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை விவரமா எழுதறேன். பில்டிங் இன்னும் முடியல. இப்ப ஜன்னலுக்குப் பச்சை அடிக்கறாங்க."

"பொய்யன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க ஆள் இல்லாத அந்த வீட்டில் இன்னொரு தடவையும் சொன்னாள்.